கோலுக்கு வந்த மெழுகு

பிரிஜித்தம்மாள் திருநாளுக்கு மறுநாள்
ஆயர் பட்டறை

பாசமுள்ள ரோனாத் அக்காவுக்கு,

உன் தம்பி கொல்கு எழுதறேன். நான் நல்லா இருக்கேன். உலைப்புகை இருமல் மட்டும் விடலை, அதுவும் கூடப்பிறந்தது மாதிரி ஆயிடுச்சு. இந்தக் குளிருக்கு உன் முழங்கால் என்ன சொல்லுது? மடத்துல மத்த அஞ்சு பேரும் சுகமா? மூத்த அம்மா இன்னமும் செபத்துல தூங்கி விழறாங்களா?

காரியம் இருந்தாத்தான் எழுதறான்னு நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்குவே. நிஜம்தான். இந்தத் தோல்துண்டைக்கூட ஏடு எழுதற சாமியார்கிட்ட கெஞ்சித்தான் வாங்கினேன். கன்னுக்குட்டியோட வால்பக்கம் போலிருக்கு, மயிர் இன்னும் முழுசாப் போகலை.

மெழுகு வேணும் அக்கா. புது ஆயர் ஃபியாக்னா ஒரு பழைய கோலுக்கு வெண்கலத்துல உறை போடச் சொல்லியிருக்கார். அயர்லாந்து பூரா தேடினாலும் அதுக்கு ஜோடி இருக்கக்கூடாதாம். தலைப்பக்கத்து வளைவை முதல்ல மெழுகுல செதுக்கணும். அது மேல மண்ணை அப்பி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அது இருந்த இடத்துல வெண்கலத்தை ஊத்தணும். மெழுகுல நான் என்ன போடறேனோ அதுதான் வெண்கலத்துல வரும். இங்க கிடைக்கிற மெழுகுல பாதி ஆட்டுக்கொழுப்பு. நகத்தால கோடு போட்டாலே ஓரம் பொடியுது. உன் தேன்கூட்டு மெழுகு மாதிரி மூணு நாள் நடை தூரத்துல யார்கிட்டயும் இல்லை.

தலையளவு ரெண்டு கட்டி போதும். சீப்பு விக்கிற லோகான் இந்தப் பக்கம்தான் திரும்பி வருவான், அவன்கிட்ட குடுத்தனுப்பு.

உன் தம்பி
கொல்கு


சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு
தாவான் கோயில், பெண்கள் மடம்

அருமைத் தம்பி கொல்குவுக்கு,

அக்கா ரோனாத் எழுதறேன். நாங்க ஆறு பேரும் உயிரோட இருக்கோம். முழங்கால் என்ன சொல்லுதுன்னு கேட்டியே, "மண்டி போட்டது போதும்டி"ன்னு சொல்லுது. மூத்த அம்மா இப்பல்லாம் செபத்துல மட்டுமில்லை, கஞ்சி குடிக்கும்போதும் தூங்கறாங்க.

பெரிய கட்டி ஒண்ணு அனுப்பியிருக்கேன். மூணு தரம் உருக்கித் துணியில வடிகட்டினது, சூரியன்ல பிடிச்சா விரல் தெரியும். இன்னொண்ணு உயிர்ப்புத் திருநாள் திரிக்கு எடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான். கூடவே ஒரு சின்னக் கலயம் தேன் வெச்சேன். உன் கைக்கு வரும்போது அது அரைக் கலயமா இருந்தா, லோகானோட மீசையைப் பாரு, தெரிஞ்சுக்குவே.

ஆமா, யாரோட கோல் அது? பழைய கோல்னு மொட்டையா எழுதினா எப்படி?

போன வாரம் பனி கொஞ்சம் விட்டதும் உல்தானைப் பார்த்துட்டு வந்தேன். கல்லறைச் சுவருக்கு உள்ளே இருக்கறவங்க மேல எல்லாம் பனியைக் கூட்டித் தள்ளியிருக்காங்க. வெளியே இருக்கற நம்ம தம்பி மேல அப்படியே கிடந்தது. கையாலயே தள்ளிட்டு வந்தேன். சின்னவனுக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியுமே.

வேளைக்குச் சாப்பிடு. வேலை வேலைன்னு பட்டினி கிடக்காதே.

ரோனாத்


தவக்காலம், இரண்டாம் வாரம்
ஆயர் பட்டறை

அக்காவுக்கு,

மெழுகு வந்தது. பிரிச்சதுமே உன் ஆப்பிள் மரத்தடி வாசனை. பட்டறையில எல்லாரும் ஒரு தடவை மோந்து பார்த்துட்டுப் போனாங்க. தேன் கலயத்துல கால்வாசிதான் இருந்தது. லோகானைக் கேட்டா "வழியில கரடி"ங்கறான். இந்த நாட்டுல ஏதுடா கரடின்னேன், "அதான் நானும் பயந்துட்டேன்"னான்.

வேலை தொடங்கிட்டேன். நடுத்தண்டுல மூணு இடத்துல குமிழ் வரும், அதுல வெள்ளிக் கம்பியை அடிச்சுப் பதிக்கணும், நீலக் கண்ணாடிப் பொட்டு வைக்கணும். வளைவு மடங்கி இறங்கற நுனியில சின்னப் பெட்டி மாதிரி ஒரு முகப்பு. வளைவோட முதுகு மேல வரிசையா மிருகங்க, ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சுக்கிட்டு.

எல்லாத்துக்கும் கடைசியில பேர் வெட்டறது. செய்யச் சொன்னவர் பேர் ஒண்ணு, செய்தவன் பேர் ஒண்ணு, வளைவுக்கு அடியில ரெண்டே வரி. திருநாள் அன்னைக்குக் கோலைத் தூக்கிப் பிடிச்சு அதைச் சத்தமாப் படிப்பாங்க. அந்த ரெண்டு பேருக்கும் கூட்டம் பூரா மண்டி போட்டுச் செபம் சொல்லும். ஒவ்வொரு வருஷமும், கோல் இருக்கற வரைக்கும். உன் தம்பிக்கு ஊரே செபம் சொல்லப் போகுது அக்கா. சின்ன வயசுல என் காதைத் திருகினதுக்கு இப்பவாவது வருத்தப்படு.

கோல் யாரோடதுன்னு கேட்டிருந்தே. ஏதோ ஒரு பழைய புனிதரோடது. இங்க எல்லாம் துணி சுத்தி வெச்சிருக்காங்க, சரியாத் தெரியலை.

இன்னொரு கட்டி சீக்கிரம் அனுப்பு.

கொல்கு


பத்ரிக் திருநாள்
பெண்கள் மடம்

கொல்குவுக்கு,

ரோனாத் எழுதறது. சுகம்.

சரியாத் தெரியலையா உனக்கு? கோல் காவலனோட பெண்டாட்டி பேவின் நேத்து கிணத்தடியில பெருமை பேசிட்டிருந்தா. நம்ம தாவான் சாமியோட கோலைத்தான் குளிர்காலத்துல சத்தமில்லாம ஆயர்கிட்ட கொண்டு போயிருக்காங்க. "உன் தம்பி கையிலதான் இருக்கு, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு அவகிட்ட சொல்ல வெச்சியே, அதுக்கே உன் காதை மறுபடியும் திருகணும்.

அந்தக் கோல் மேல கை வெச்சுத்தான் உல்தான் சத்தியம் பண்ணினான். நீ அப்ப இங்க வேலை பார்த்த பட்டறையும் பக்கத்து ஏட்டறையும் எரிஞ்சு, மூணு ஏடு சாம்பலாப் போச்சே, அந்தத் தீயைப் பத்தி, "நான்தான் ஈரத்துணி காய வைக்க உள்ளே போனேன், கை தவறி நெருப்பு பிடிச்சது, என் அண்ணன் அங்க இல்லை"ன்னு சத்தியம் பண்ணினான். அதுக்குத் தண்டனையா ஒரு குளிர்காலம் பூரா புதுப் பட்டறைக்கு மரம் சுமந்தான். வருஷம் திரும்பறதுக்குள்ள விலாங்கு மீன் பிடிக்கப் போன இடத்துல ஏரி எடுத்துக்கிச்சு. இன்னையோட எட்டு வருஷம்.

கோலைத் தொட்டுச் சொன்னவன் ஒரு வருஷமும் ஒரு நாளும் தாண்டலைன்னா சொன்னது பொய்னு இந்த ஊர் சட்டம். கை தவறினது இல்லை, வேணும்னேதான் கொளுத்தினான்னு முடிவு கட்டினாங்க. சுவருக்கு வெளியே புதைச்சாங்க, அவன் பேரைச் சொல்லிச் செபிக்கக்கூடாதுன்னாங்க. மண் போடும்போது இந்தப் பேவின் காறித் துப்பினா. உனக்கும் நினைவிருக்கும், நீ என் பக்கத்துலதான் நின்னே.

அந்தக் கோலுக்கு நீ வெள்ளிப்பூ வெக்கறே. உன் பேருக்கு ஊரே செபம் சொல்லப் போகுதுன்னு சந்தோஷமா எழுதறே. எனக்கு வயிறு எரியுது கொல்கு. அவனுக்கு ஒரு செபம் சொல்ல எனக்கே அனுமதி இல்லை.

மெழுகு இல்லை. இனிமே கேக்காதே.

ரோனாத்


குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம்
ஆயர் பட்டறை

அக்காவுக்கு,

உன் தம்பிதான். உடம்பு இருக்கு. நீ எப்படி இருக்கே?

உன்கிட்ட மறைச்சது தப்பு. முதல் கடிதத்துலயே எழுதத்தான் உக்காந்தேன், தாவான்னு பேர் எழுத வரும்போது கை போகலை.

ஆயர் துணியைப் பிரிச்சு என் கையில குடுத்தார். நாம சின்ன வயசுல பார்த்துப் பயந்த கோல், என் தோள் உயரம்கூட இல்லை அக்கா. வெறும் யூ மரக்குச்சி. சாமி நடந்து நடந்து கீழ்முனை ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. அவருக்கும் ஏதோ ஒரு கால் நொண்டிதான் போல. மேல, பிடிக்கிற இடத்துல கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம். இதைப் பிடிச்சுட்டுத்தான் உல்தான் நின்னான். என் கட்டைவிரலை அந்தப் பள்ளத்துல வெக்கப் போனேன், முடியலை. இன்னை வரைக்கும் துணி சுத்தித்தான் அளவெடுக்கறேன். உலைச்சூடு மரத்துல படாம இருக்கவான்னு ஆயர் கேட்டார். ஆமான்னுட்டேன்.

மெழுகு வேண்டாம். திட்டியாவது ஒரு வரி எழுது.

கொல்கு


உயிர்ப்புத் திருநாள் கழிஞ்சு மூணாம் வாரம்
ஆயர் பட்டறை

அக்காவுக்கு,

லோகான் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டான். ரெண்டு தடவையும் வெறுங்கை. "அக்கா சுகமா?"ன்னு கேட்டேன். "தேனீகிட்ட மட்டும் பேசறாங்க"ன்னான். அதாவது சுகம்தான்னு நானே சொல்லிக்கிட்டேன்.

உன் மெழுகு குமிழ் மூணுக்கும் சரியாப் போச்சு. மூணும் சுத்தமா வந்தது. வளைவுக்கு மட்டும் இங்கத்து மெழுகை எடுத்தேன். ரெண்டு தடவை வார்த்தேன், ரெண்டும் பாழ். முதல்ல மிருகங்களோட மூக்கு எல்லாம் மழுங்கிப் போச்சு. ரெண்டாவது முதுகுல ஓட்டை. மறுபடி வெண்கலத்தை உருக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். பட்டறையில எல்லாரும் என்னைப் பத்தி மெதுவாப் பேசறாங்க. கொல்குவுக்கு மண் அச்சைக் காய வைக்கறதுன்னா ஒரு பைத்தியம், நாலு நாள் போதும்னா பன்னெண்டு நாள் வெக்கறான், தொட்டுத் தொட்டுப் பாக்கறான்னு. அவங்களுக்கு என்ன தெரியும்.

அக்கா, அந்தத் தீயைப் பத்தி ஒண்ணு

அதை அப்புறம் எழுதறேன். தோல் தீர்ந்து போச்சு.

கொல்கு


தேனீக்கூட்டம் கிளம்பற மாசம், பெந்தக்கோஸ்துக்கு முந்தின நாள்
பெண்கள் மடம்

தம்பி கொல்குவுக்கு,

அக்கா ரோனாத். சுகமாத்தான் இருக்கேன். நீ?

உன் கடிதத்துல தோல் தீரலை. கீழே மூணு விரல் இடம் காலியா இருந்தது. நான் அளந்து பார்த்தேன்.

நீ எழுதாததை நான் எழுதறேன். இன்னைக்கு மத்தியானம் ஆப்பிள் மரத்துல ஒரு தேனீக்கூட்டம் வந்து தொங்கிச்சு. கூடையைக் கீழே பிடிக்க ஆள் இல்லாம, முழங்காலை வெச்சுக்கிட்டு நானே ஏணியில ஏறினேன். ஏணி மேல நின்னப்பதான் இதை எழுதிடணும்னு தோணிச்சு.

அந்தப் பட்டறை எரிஞ்ச சாயங்காலம் உல்தான் என்கூட இருந்தான். இதே மரம். நான் கிளையை உலுக்கினேன், அவன் கூடையைப் பிடிச்சான். ஒண்ணு விடாம அவனைத்தான் தேடிக் கொட்டிச்சு, இடது கண் மூடிப்போச்சு. அவன் நடனமாடினதைப் பார்த்து நான் சிரிச்சுச் சிரிச்சு ஏணியில இருந்து விழப் பார்த்தேன். அப்பதான் பட்டறைப் பக்கம் புகை தெரிஞ்சது. அவன் அப்படியே கூடையோட ஓடினான்.

மறுநாள் அவன் கோலைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணும்போது அந்தக் கண் வீங்கித்தான் இருந்தது. புகை பட்டதுன்னு சொன்னான். ஒத்தக் கண்ணால கூட்டத்துல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சு, லேசாத் தலையை ஆட்டினான். பேசாதேக்கான்னு. உன் மணிக்கட்டுல நீ துணி சுத்தியிருந்ததையும் நான் பார்த்தேன். கஞ்சிப்பானை சுட்டதுன்னு சொன்னே.

நான் பேசலை கொல்கு. பேசியிருந்தா உன் குறடைப் பிடுங்கிட்டு எந்தப் பட்டறையிலயும் சேர்க்காம துரத்தியிருப்பாங்க. அப்புறம் அவன் செத்தப்பவும் பேசலை. ஒருத்தன் போயிட்டான், இன்னொருத்தனையும் நானே தள்ளிவிடவான்னு வாயைக் கட்டிக்கிட்டேன். எட்டு வருஷமா நீயா வந்து என்கிட்ட சொல்லுவேன்னு காத்திருந்தேன். என் கோபம் கோல் மேல இல்லை, பேவின் மேலகூட இல்லை. என்கிட்டகூட நீ சொல்லலை, அதுதான்.

ரெண்டு கட்டி மெழுகு இருக்கு. இன்னைக்குப் பிடிச்ச கூட்டத்தோட பழைய கூட்டுல எடுத்தது. நல்லா வார்த்தெடு.

ரோனாத்


யோவான் திருநாள்
ஆயர் பட்டறை

அக்கா,

மெழுகு வந்தது. உன் கடிதமும் வந்தது. படிச்சுட்டு உலைக்குப் பின்னாடி போய் உக்காந்து அழுதேன். எவ்வளவு நேரம்னு தெரியலை, துருத்தி ஊதறவன் வந்து நெருப்பு அணைஞ்சுடுச்சுன்னு சொன்னான்.

நான்தான் அக்கா. அப்ப கோயில் மணிக்குப் போடற உறைக்கு ஒரு துண்டு வார்க்கணும். திருநாள் நெருங்குது, மடத்தலைவர் காலையும் மாலையும் வந்து "ஆச்சா ஆச்சா"ன்னார். அச்சுல மண் இன்னும் காயலை. தொட்டா குளுமை தெரிஞ்சது. தெரிஞ்சும் ஊத்தினேன். ஈரத்துல வெண்கலம் பட்டதும் அச்சு வெடிச்சு, துளி எல்லாம் கூரை வைக்கோல்ல போய் விழுந்தது. என் மணிக்கட்டுலயும் ஒண்ணு. நான் தண்ணி எடுக்க ஓடலை. ஏரிக்கு ஓடினேன், ஒளிஞ்சுக்க.

உல்தான் அங்க வந்தான், ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கையில காலிக் கூடை. என் கையைப் பார்த்தான். "நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கறேன். எனக்கு என்ன போச்சு, விலாங்கு பிடிக்கறவனைப் பிடிச்சு என்ன பண்ணுவாங்க, ரெண்டு மரம் சுமக்க விடுவாங்க. உன் கைக்கு வேற வேலை தெரியாது"ன்னான். சிரிச்சுட்டே சொன்னான். வேண்டாம்டான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. எனக்கு அப்ப நிம்மதியா இருந்தது. அதுதான் இன்னை வரைக்கும் என்னைத் தின்னுது.

என்னை மன்னிச்சுடு. நீ மன்னிச்சா அவனும் மன்னிப்பான்.

கொல்கு


அறுவடைக்கு முன்
பெண்கள் மடம்

என் தம்பிக்கு,

மன்னிச்சாச்சு. அவன் அன்னைக்கு ஏரிக்கரையிலயே மன்னிச்சுட்டான், நான்தான் தாமதம்.

நல்லாக் கேட்டுக்கோ. இதை யார்கிட்டயும் சொல்லாதே. ஆயர்கிட்ட போய் மண்டி போட்டு அழுதுட்டு வராதே. நீ அப்படிப்பட்டவன், எனக்குத் தெரியும், சின்ன வயசுல வெண்ணெய் திருடிட்டு வாயைத் துடைக்காம அம்மா முன்னாடி போய் நிப்பே. உல்தான் வாங்கிக் குடுத்த வாழ்க்கை இது. தூக்கிப் போடாதே. எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தான்.

இருமலுக்குத் தேன் வெச்சிருக்கேன். கலயத்துக்கு மேல மெழுகு ஊத்தி மூடியிருக்கேன், கரடி வராது.

ரோனாத்


மாதா விண்ணேற்புத் திருநாள்
ஆயர் பட்டறை

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமா இருக்கணும். தேன் முழுசா வந்தது. லோகான் என்கிட்ட ரொம்ப வருத்தப்பட்டான், ரோனாத் அம்மாவுக்கு என் மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு.

வளைவு ஒரே வார்ப்புல வந்தது. மண்ணை உடைச்சப்ப ஒரு மூக்கு, ஒரு வால் குறையலை. முதுகுல வரிசையாப் போற மிருகங்களை ஆயர் தடவிப் பார்த்தார். "நாய்னு நினைச்சேன், உடம்பு நீளமா வழவழன்னு இருக்கே, பாம்பா?"ன்னார். இல்லைன்னேன். என்னன்னு சொல்லலை. உனக்குப் பார்த்ததும் தெரியும்.

துணியை எடுத்துட்டு வெறுங்கையால குச்சியைப் பிடிச்சு உறைக்குள்ள இறக்கினேன். கட்டைவிரல் பள்ளத்துல சரியா உக்காந்தது.

நேத்து பேர் வெட்டி முடிச்சேன். அதுக்கப்புறம் ஆயர்கிட்ட கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. என்ன பேசினேன்னு இப்ப கேக்காதே. உன் கடிதத்தை அவ்வளவு தடவை படிச்சுட்டுத்தான் போனேன்.

தாவான் சாமி திருநாளுக்குக் கோல் ஊருக்கு வரும். ஆயரே கொண்டு வர்றார். நான் கூட வரலை. நீ முன்வரிசையில நில்லு. முழங்கால் வலிக்குதுன்னு பின்னாடி சுவர்ல சாஞ்சுக்காதே.

கொல்கு


தாவான் சாமி திருநாளுக்கு மறுநாள்
பெண்கள் மடம்

என் கொல்குவுக்கு,

அக்கா எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா நீ திட்டாதே.

முன்வரிசையில நின்னேன். வயல்ல நிக்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். கோல் காவலன் துணியை எடுத்தான். வெயில் பட்டதும் ஜனங்க மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கண் முதல்ல முதுகு மேலதான் போச்சு. விலாங்கு. பன்னெண்டு விலாங்கு, ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சுக்கிட்டு. அங்கேயே எனக்குக் கண்ணு மறைச்சுடுச்சு.

அப்புறம் ஆயர் தூக்கிப் பிடிச்சுப் படிச்சார். "இதைச் செய்யச் சொன்ன ஃபியாக்னாவுக்காக ஒரு செபம். இதைச் செய்த உல்தானுக்காக ஒரு செபம்."

வயல் பூரா மண்டி போட்டுச்சு கொல்கு. ஏதோ ஊர் பேர் தெரியாத கம்மியன்னு நினைச்சுட்டு எல்லாரும் உல்தானுக்காகச் செபம் சொன்னாங்க. என் பக்கத்துல பேவின், கண்ணை மூடி, நெஞ்சுல கை வெச்சு, "என்ன கைடி அந்தப் பிள்ளைக்கு, கடவுள் அவன் பாவமெல்லாம் மன்னிக்கட்டும்"னு ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னா. நானும் வாய்விட்டுச் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் பேரைச் சத்தமாச் சொன்னேன்.

எல்லாரும் எழுந்தப்புறம் ஆயர் கேட்டார்: "நீங்க இப்ப யாருக்காகச் செபிச்சீங்க தெரியுமா?" சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். எல்லாத்தையும் சொன்னார். ஈர அச்சு, ஏரி, சத்தியம், நீ அவர் கால்ல விழுந்து சொன்னது வரைக்கும். பேரை மாத்தி வெட்டியிருக்கியேன்னு உன்னைக் கேட்டாராமே. "மாத்தலை, அவன் பேசலைன்னா என் கையில குறடே இருந்திருக்காது, இதைச் செய்தது அவன்தான்"னு சொன்னியாமே. "அவன் சொன்னது பொய்தான். ஆனா அண்ணனோட தண்டனையைத் தன் தலையில வாங்கிக்கச் சொன்ன பொய்க்கு இந்தக் கோல் ஆளைக் கொல்லாது, அவனை ஏரிதான் எடுத்துக்கிச்சு"ன்னார் ஆயர். முதல்ல பேவின்தான் வாயைத் திறந்தா. "சொன்ன செபத்தை இனிமே திருப்பி வாங்கவா முடியும்"னு முணுமுணுத்துட்டு, சுவரைச் சுத்திப் போய், அவன் தலைமாட்டுல நின்னு முக்காடால முகத்தை மூடிக்கிட்டா. நான் போய் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

உனக்கு என்ன தண்டனைன்னும் சொன்னார். மூணு வருஷம் சுத்தியலைத் தொடக்கூடாது. இங்க வந்து கல்லறைச் சுவரைப் பிரிச்சு, உல்தான் உள்ளே வர்ற அளவுக்குத் தள்ளிக் கட்டணும், உன் கையாலயே. அவனைத் தோண்டி எடுக்க வேண்டாம், தூங்கறவன் தூங்கட்டும், சுவர் நகரட்டும்னார்.

சொல்லாதேன்னு நான் சொன்னதை நீ கேக்கலை. இந்த ஒரு தடவை மன்னிச்சேன்.

கூட்டம் கலைஞ்சப்புறம் காவலன்கிட்ட கேட்டுக் கோலைக் கையில வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்து கீழே, குமிழுக்கு அடியில, நுனிப் பெட்டிக்கு உள்ளே எல்லாம் விரலால தடவித் தேடினேன். உன் பேர் எங்கயும் இல்லை. உனக்கான செபத்தை நான் சொல்லிக்கறேன், அதுக்கு எனக்குப் பேர் வெட்டிக் காட்ட வேண்டியதில்லை.

சுவர் எவ்வளவு நகரணும்னு அடி வெச்சு அளந்துட்டேன். ஒன்பது அடி. கல்லு நிறைய இருக்கு. உன் படுக்கையைத் தேன்கூடு பக்கத்துக் கொட்டகையில போட்டாச்சு. பனி விழறதுக்கு முன்னாடி வந்துடு. வசந்தத்துல ஆப்பிள் மரத்துல கூட்டம் வந்து தொங்கும், நான் ஏணியில ஏறிக்கறேன், கீழே கூடையைப் பிடிக்க ஆள் வேணும்.

உன் அக்கா
ரோனாத்